செவிலியரின் பக்கமும் என் மறுப்பும்

மூத்தவளின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? இந்தக் கடிதத்தில்: 1. என் உடல்நலம். 2. அலுவலகத்தில் நான் மறுத்தது. 3. ஒரு சின்ன வேண்டுகோள்.

ஒன்று: நலம். இருமல் பெரும்பாலும் நின்றுவிட்டது.

இரண்டு: இந்த மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனிப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். தீப்புண்ணை எப்படிப் பராமரிப்பது என்று ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தன் தளத்தில் அருமையாக எழுதியிருக்கிறார். அதற்கு இணைப்புக் கொடுக்க அனுமதி கேட்டு அவருக்கு எழுதிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். அனுமதி வராமல் இணைப்பும் கொடுக்கக் கூடாது என்று நான் தினமும் வாதாடியதில், என்னைவிட முப்பது வயது இளைய மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது.

“எதுக்கு சார் இணைப்பு? அப்படியே எடுத்து நம்ம பேர்ல போடுங்க. யாரு பார்க்கப் போறா?”

“நான் பார்த்துட்டேனே சார். போடமாட்டேன்.”

“அப்ப உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கறதைப் பத்தி நான் யோசிக்கணும்.”

“யோசிங்க.”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். இன்றுவரை நான் போடவில்லை. வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடுவேன், கவலைப்படாதே.

மூன்று: நீலச் சட்டைக்கு இரண்டு பொத்தான் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும். இருந்தாலும் நீ அனுப்பு.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். செவிலியரின் பதில் இன்று காலை வந்தது: “வழி காட்டறதுக்கு அனுமதி எதுக்குங்க? தாராளமா காட்டுங்க. எடுத்துப் போடறதுன்னாதான் கேக்கணும்.” இணைப்புக்கும் அனுமதி வேண்டும் என்று பத்து நாளாக மேலாளரிடம் நான் வாதாடியது தவறு. நாளை அவரிடம் அதை ஒப்புக்கொள்வேன். அதை மட்டும்தான்.