ஓடைக்குக் குறுக்கே நீங்கள் போட்ட கோடு

என் அருமை கீதா அண்ணி,

போன வாரம் ஜவ்வாது மலைக்குப் போனோம், நானும் உங்கள் வீட்டுக்காரரும். உயிரோடு திரும்பி வந்துவிட்டோம். இதை முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு முழுதாகத் தெரிந்தால் அண்ணனை இனி வீட்டை விட்டே வெளியே விடமாட்டார்.

உங்கள் மடிக்கணினி இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. காய்ச்சலில் விழுவதற்கு முந்தைய நாள்வரை அதன் முன்னால்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? ஒடுகத்தூர்ப் பக்கத்து அடிவாரத்தில் கிளம்பி நெல்லிவாசல்நாட்டில் முடிகிற ஒரு நீலக் கோடு. மேப்பில் புள்ளி புள்ளியாக வைத்து, மலையின் உயரக் கோடுகள் பார்த்து இழுத்தீர்கள். "கோடுங்க நெருக்கமா இருந்தா செங்குத்து. தள்ளித் தள்ளி இருந்தா நடக்கலாம். அவ்ளோதான் கோகி" என்று எனக்கும் காட்டினீர்கள்.

பங்குனியில் போவதாகத் திட்டம். அதற்குள் நீங்கள் எங்களை விட்டே போய்விட்டீர்கள். அண்ணனுக்கோ, ஐப்பசியில் வரும் உங்கள் பிறந்தநாளன்று அந்த வழியில் நடந்தே ஆக வேண்டும்.

அந்தக் கோட்டைத் திறந்து பார்த்தேன். பாதி வழியில் அது ஒரு ஓடையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. செயற்கைக்கோள் படத்தில் ஓடை வெறும் வெள்ளை மணல்.

"அண்ணா, இது வெயில் காலத்துல எடுத்த படம். இப்ப தண்ணி ஓடும். வேற வழி போட்லாம்" என்றேன்.

"அவ போட்டது. ஒரு புள்ளி கூட மாத்தாத."

நீங்கள் போன பிறகு அவன் இவ்வளவு அழுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோட்டை அப்படியே விட்டேன். வனத்துறையில் அனுமதி வாங்கினோம். மேலே சிக்னல் கிடைக்காது என்று இரண்டு போனிலும் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டேன்.

காலையில் வெயில் நன்றாகவே இருந்தது. ஒற்றையடிப் பாதையும் உங்கள் கோடும் பிசகாமல் சேர்ந்தே போயின. அண்ணன் போனைப் பார்த்தபடி முன்னால் நடந்தான். ஓடையை அடைந்தபோது முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். ஆனால் கலங்கியிருந்தது. பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே எங்கோ இடி உருண்டது.

"அண்ணா, மலை மேல மழ பேயுது. இறங்காத."

"இன்னா, பயமாக்குதா? அவ எல்லாம் பாத்துத்தான் போட்டுருப்பா." சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டான்.

பாதி ஓடையில் அவன் நின்றபோது தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. ஒரு பாறையை ஒரு கையால் பிடித்திருந்தான். இன்னொரு கையில் போன். ஓடையைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான், அண்ணி. அவன் அந்தக் கரைக்குப் போக நினைக்கிறானா, அங்கேயே நின்றுவிட நினைக்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. இன்றுவரை அதை அவனிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

கூப்பிட்டேன். திரும்பவில்லை. கடைசியில் தொண்டை கிழியக் கத்தினேன்: "அண்ணி உன்ன சாகச் சொல்லி கோடு போடல!"

திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். இடுப்பளவு தண்ணீரில் தடுமாறித் தடுமாறி வந்தான். வழுக்கியபோது போனை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். கரையேறி மூச்சு வாங்குவதற்குள், அவன் பிடித்திருந்த பாறை தண்ணீருக்குள் மறைந்தது.

வந்த வழியில் திரும்பலாம் என்றால், காலையில் தாண்டிய சின்ன ஓடைகள் எப்படி இருக்குமோ? என் போனில் மேப்பைத் திறந்தேன். ஈர விரலுக்குப் படம் எங்கெங்கோ ஓடியது. வலப்பக்கம் ஒரு மேட்டில் உயரக் கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. அந்த மேடு முடிகிற இடத்தில் சில கூரைகள். எந்த ஓடையும் குறுக்கிடவில்லை. பாதை என்று எதுவும் காட்டவில்லை. "இப்படிப் போலாம்" என்றேன். அவன் என் பின்னால் வந்தான்.

முள் கிழித்தது. மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி மேட்டின் மேலேயே நகர்கிறதா என்று பார்த்தேன். ஆட்டைத் தொழுவத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"இந்த மழைல எங்கேந்து வர்றீங்க? யாரு வூட்டுக்கு?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "என் பொண்டாட்டி வழி போட்டுக் குடுத்தா. பாதிலயே செத்துட்டா."

அப்புறம் அழுதான். சுடுகாட்டில்கூட அழாதவன், அந்த முன்பின் தெரியாத வீட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் சாமைச் சோறு போட்டு, "சூடா இருக்கச்சொல்ல சாப்டுங்க" என்றார். சாப்பிட்டான்.

நேற்று உங்கள் கணினியை அவனே திறந்தான். "அந்த ஓடைய எப்படி சுத்திப் போறது, காட்டு" என்றான். உங்கள் கோட்டில் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு, மேட்டு வழியாக இருவரும் புள்ளி வைத்தோம். கோபமில்லையே, அண்ணி?

பங்குனியில் மறுபடியும் போகிறோம். அவனைத் தனியாக அனுப்ப மாட்டேன். அவன் எங்கே தப்பாகக் காலை வைத்தாலும் கத்துவேன், உங்கள் பேரைச் சொல்லித்தான் கத்துவேன். அதற்கு மட்டும்தான் அவன் திரும்புகிறான்.

என்றும் உங்கள் நாத்தனார்,
கோகிலா