கம்பி சாய்ந்த கதை

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? அப்பாவுக்கு என் வணக்கம்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. செங்குத்தாக நிற்கும் கம்பியைச் சாயாமல் பிடிக்கிற இயந்திரத்துக்குத்தானே நான் கணக்குப் போடுகிறேன்? கம்பி சாய்கிற சேதி நேற்று அதற்குக் கொஞ்சம் பிந்திப் போனது. கம்பி சுழன்று என் மணிக்கட்டில் அடித்துவிட்டது. வெறும் வீக்கம்தான். பேராசிரியர் ஓடிவந்து, "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"அது நல்லாத்தான் சார் இருக்கு" என்றேன்.

போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே. அடுப்பு மேடையிலேயே கிடக்கட்டும். நீ பாத்திரம் உருட்டுகிற சத்தத்தில் நான் கொஞ்சம் தூங்கிக்கொள்கிறேன்.

ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள், வருகிறேன் அம்மா.