ஒன்பதாவது தூண்

காத்தான்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் பஸ்லான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் உடம்புக்குச் சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆ கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் தம்பி, ஆயிஷாவின் வீட்டுக் கொங்கிறீட் சிலாப்பில் ஏறி, மேல்மாடிக்கென்று ஒன்பது தூண்களிலும் நான் விட்டு வைத்திருந்த முப்பத்தாறு கம்பிகளில் முப்பத்திரண்டை கிறைண்டரால் அறுத்துவிட்டார். இது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அறுக்கும்போது நீங்கள் போனில் இருந்தீர்கள். அது எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் முதலில் எழுதுகிறேன்.

இரண்டு நாளாக உங்களுக்குப் போன் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் சத்தம் போட்டிருப்பேன், நீங்கள் வைத்திருப்பீர்கள். எங்கள் தெருப் பாறூக் நாளைக் காலை கட்டாருக்குப் பறக்கிறான். அவன் கையில் இதைக் கொடுத்து, பின்னேரமே உங்கள் றூமுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் ஒரு பார்சலும் இருக்கிறது. கோபத்தில் இருந்தாலும் கருவாட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஞாயிறு காலை நான் கல்வாடியில் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றுக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம் சீமெந்துக் கல்லும் கம்பியும் விற்றவளுக்குக் கம்பி அறுபடும் சத்தம் எந்த வளவிலிருந்து வருகிறது என்று சொல்ல ஆள் வேண்டியதில்லை. இளையவள் நஸ்ஹாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். நாங்கள் கேற்றைத் தொட்டதும் சத்தம் நின்றுவிட்டது. என்னைக் கண்டு உங்கள் தம்பி பயந்துவிட்டார் என்று நினைத்தேன். சிலாப்பிலிருந்து ஒரு கறுப்பு வயர் தொங்கியது. அது போன வழியே போனேன். ஆயிஷாவின் குசினி யன்னலுக்குள்ளே போயிருந்தது.

ஆயிஷா வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவர்தான் பிளக்கக் குத்து எண்டார் உம்மா. நான் குத்தினன்” என்றாள். பின்னால் நின்ற நஸ்ஹா, “ராத்தா, நீயா கா கரண்ட் குடுத்த?” என்று மட்டும் கேட்டாள்.

நாவற்குடா மேசன் வினாயகமூர்த்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியதும் அவர்தான். குந்தியிருந்து ஒவ்வொரு தூணையும் தடவிப் பார்த்துவிட்டு, “நபீஸாக்கா, தலமயிர வெட்டினா வளரும். இது வளராது” என்றார். அந்த நேரத்திலும் அவருக்குப் பகிடி. மறுகா சொன்னார், தூணில் ஆழமாகத் துளை போட்டு, கம்பி ஒட்டுகிற மருந்து விட்டு, புதுக் கம்பி இறக்கலாம், ஆனால் ஒரு எஞ்சினியர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. நல்ல காலம், அறுத்ததோடு நின்றது. சம்மட்டியால் அடித்திருந்தால் சிலாப்பும் வெடித்திருக்கும்.

இனி வீட்டு உறுதிப் பத்திரத்துக்கு வருவோம். நீங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஏழு வருடத்துக்கு முன், உங்கள் கலியாணத்துக்கு முதல் கிழமை, நான் ஆயிஷாவுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தேன். எதுவரைக்கும் கொடுக்கிறீர்கள் என்று உறுதி எழுதிய நொத்தாரிசு கேட்டார். சிலாப் வரைக்கும் என்றேன். அவர் “கட்டடம் கூரை உட்பட” என்று எழுதினார். வாசித்தும் காட்டினார். நான் தலையாட்டிவிட்டேன். எனக்குக் கூரை என்றால் ஓடு, இல்லாவிட்டால் தகடு. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற சிலாப்பை எந்த மேசனும் கூரை என்று சொல்லமாட்டான், அது மேலே வரப்போகிற வீட்டின் தரை. ஆனால் தாளுக்கு மேசனின் பாஷை தெரியாது. மேலே வேறொன்றும் இல்லாவிட்டால் சிலாப்தான் கூரை என்று நொத்தாரிசு இப்போது சொல்கிறார். ஒரு சீமெந்துப் பைக்கு மூன்று தரம் பில் பார்க்கிற நான் அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் விட்டேன். பிழை என்னுடையது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். நாலடி தோண்டினால் தண்ணீர் வருகிற இந்த மணலில், ஒரு தட்டு வீட்டுக்கு எவளாவது இரண்டு தட்டு அத்திவாரம் போடுவாளா? ஒவ்வொரு மாரிக்கு முன்னும் நான் மேலே ஏறி, வாவிக் காற்றுக்குக் கறள் பிடிக்காமல் அந்தக் கம்பிகளுக்குச் சீமெந்துப் பால் பூசியது எதற்கு? ஒருமுறை லீவில் வந்து நின்றபோது வாளியைத் தூக்கித் தந்தது நீங்கள். அப்போது உங்கள் கூரையில் எனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் சிலாப்புக்கு மேல் கம்பி நின்றால், அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க இன்னும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று தெருவில் போகிறவனுக்கும் விளங்கும். ஞாயிறு பகலிலிருந்து எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, நஸ்ஹாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை இல்ஹாமின் உம்மா வீடு வரப்போகிற இடத்தைப் பார்க்க வருகிறார். நிக்காஹ்வுக்கு ஆறு மாதம் இருக்கிறது. அவர் சிலாப்பில் ஏறி அறுபட்ட தூண்களைப் பார்த்தால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார். மறுநாள் ஆள் மூலம் பதில் வரும். அந்தப் பதில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், நஸ்ஹாவுக்கும் தெரியும்.

நேற்றுக் காலைவரை உங்களைப் பற்றி என் வாயில் நல்ல வார்த்தை இல்லை. பள்ளிவாசல் நிருவாகத்திடம் போகவும் இருந்தேன், பொலிசுக்குப் போகவும் இருந்தேன். நேற்று லுஹர் தொழுகைக்கு முன் ஆயிஷா கல்வாடிக்கு வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நீங்கள் கொப்பித் தாளில் கீறி அனுப்பிய பிளான். சிலாப்புக்கு மேலே இரண்டு பக்கம், இரண்டு குசினி. ஒரு பக்கத்தில் ஸைனப் என்றும் மற்றதில் ஹனா என்றும் உங்கள் கையெழுத்து. நஸ்ஹாவை மேலே ஏறவிடாமல் மறிக்கத்தான் அறுப்பித்திருக்கிறீர்கள், உங்கள் பிள்ளைகளுக்குப் பிறகு புதுக் கம்பி இறக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள்.

ஸைனப்புக்கு ஆறு வயது. ஹனா இன்னும் தத்தித் தத்தி நடக்கிறாள். சிரிக்கலாம்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நஸ்ஹா தொட்டிலில் கிடக்கும்போதுதான் அவளுடைய வாப்பா மவுத்தானார். அந்த வருடமே நான் இரண்டு அச்சும் ஒரு மண்வெட்டியும் வாங்கிச் சீமெந்துக் கல் போடத் தொடங்கினேன். சொந்தக் காணி ஒரு பேர்ச்சும் இல்லாமல், இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, அந்தக் கட்டார் வெயிலில் ஏறி நிற்கிற மனிதனுக்கு என்ன பயம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நீங்கள் கேட்டிருக்கலாம், மருமகன். கேட்பதற்குக் கிறைண்டர் வேண்டியதில்லை.

இன்னொன்றும் நேற்றுத்தான் தெரியவந்தது. ஞாயிறு நாங்கள் வந்ததால் சத்தம் நிற்கவில்லை. எட்டாவது தூண் முடிந்ததும் ஆயிஷா தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். “எட்டுத் தூணுக்கும் கேட்டுக்கிட்டு நிண்டன் உம்மா. மறுகா கேக்க ஏலல்ல” என்றாள். ஒன்பதாவது தூணில் நாலு கம்பிகள் இன்னும் நிற்கின்றன. நீங்கள் இரண்டு நாளாக அவளுடன் பேசாததும் அந்த நாலு கம்பிக்காகத்தான் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. சமைக்கும்போது போனை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வாப்பா ஏன் எடுக்கல்ல என்று ஸைனப் கேட்டால், கட்டாரில் கரண்ட் இல்லை என்கிறாள்.

நொத்தாரிசு சொன்னதையும் மறைக்காமல் சொல்கிறேன். வீடு ஆயிஷாவின் பெயரில் இருக்கிறது. உறுதியைத் திருத்த அவளுடைய கையெழுத்துப் போதும், உங்களுடையது தேவையில்லை. அவள் நேற்றே பேனையை எடுத்தாள். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நான் கல்வாடிக்குப் போய்விடுவேன். அவள் உங்களோடு இருக்க வேண்டியவள்.

அதனால் நேற்றுப் பின்னேரம் முழுவதும் இருந்து நானும் ஆயிஷாவும் பேசித் தீர்த்துக்கொண்டதை எழுதுகிறேன். சம்மதமென்றால் வியாழன் காலைக்குள் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே எஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு வினாயகமூர்த்தி துளை போடத் தொடங்கினால், வெள்ளிக்கிழமை வருகிறவர் ஏணியில் ஏறும்போது கம்பி நிற்கும். உங்கள் தம்பி கூட நின்று கம்பி தூக்கிக் கொடுக்க வேண்டும், அவருக்கு நான் சம்பளம் தரமாட்டேன். கம்பியும் மருந்தும் மேசன் கூலியும் என்னுடையது.

உறுதியில் கூரை என்ற சொல் இனி வராது. சிலாப்பின் அடிப்பக்கம் ஆயிஷாவுக்கு, மேற்பக்கம் நஸ்ஹாவுக்கு. அதற்கு வேண்டிய பிளானையும் நகரசபை அனுமதியையும் நான் எடுப்பேன். மேலே போகிற படிக்கட்டு வெளிப்பக்கமாக வரும். அதற்கு வளவின் வடக்கு ஓரத்தில் மூன்றரை அடி ஆயிஷா விடுகிறாள்.

இதற்குப் பதிலாக, வாவிப் பக்கத்துக் கல்வாடிக் காணி பதினாறு பேர்ச்சும் ஸைனப்புக்கும் ஹனாவுக்கும் ஆளுக்குப் பாதி. இந்த மாதமே நன்கொடை உறுதி எழுதுகிறேன். அங்கே அத்திவாரம் போடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் போடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம். என் சீவிய உரித்தை மட்டும் இந்த முறை எழுதி வைக்கிறேன். மவுத்தாகும்வரை கல்வாடியின் பின்னறையில் இருந்து கல் போட்டு விற்பேன். அதற்குப் பிறகு ஒரு கல்லும் என்னுடையது இல்லை.

பதினாறு பேர்ச்சுக்கு உங்களிடம் நான் கேட்கிற விலை ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஆயிஷாவின் போனுக்கு நீங்கள் கோல் எடுக்க வேண்டும். எடுத்தால் பிளக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது. சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும்.

உங்கள் மாமி,
சித்தி நபீஸா