அம்மாவுக்கு சீரியஸ் என்று போன தந்தி

786

ஸ்ரீவில்லிபுத்தூர்
9-4-93

அன்பு மகன் அப்துல் ஹமீதுக்கு அத்தா சேக் முகைதீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் தங்கச்சி ஜரீனாவும் சுகம், உன் அம்மாவும் சுகம், அம்மா சுகம் என்பதை இன்னொரு தடவை தனியாகவும் எழுதுகிறேன், இனிமேல் என் பேச்சை மட்டும் வைத்து நீ நம்பமாட்டாய் என்பதால் ஓரத்தில் அவளையே கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன், பார்த்துக்கொள். சிட்னியில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். பெருநாளன்று உன் பங்கு வட்டலாப்பத்தை யாருக்கும் கொடுக்காமல் மறுநாள் வரைக்கும் மூடி வைத்திருந்தாள் உன் அம்மா, கடைசியில் கெட்டுப்போய்த் தென்னைமரத்தடியில் கொட்டியதும் அவள்தான்.

போன புதன்கிழமை காளிராஜ் பூத்துக்கு நீ போன் பண்ணியபோது பாதியில் லைன் போய்விட்டது, பிறகு ஒரு மணி நேரம் காத்திருந்தும் கிடைக்கவில்லை. அம்மாவின் குரலைக் கேட்டதும் நீ அழுதாய், பிறகு சிரித்தாய். கடைசியில் நீ கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. அம்மா நல்லா இருக்கா, அது போதும், ஆனா விசா ஆபீசுல பாஸ்போர்ட்டக் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன், இருபத்தேழாம் தேதி கையில தாரேன்னு சொல்லியிருக்கான், இப்ப நான் வரவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கத்தா என்றாய். போனை அம்மாவிடம் நீட்டினேன், அவள் உங்க அத்தா சொல்றபடி செய்யி என்று என் பக்கமே தள்ளிவிட்டாள், அதற்குள் லைன் போயிற்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், பத்துப் பன்னிரண்டு நாளில் கிடைத்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள்.

முதலில் என் தப்பை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் நீ எழுதிய கடிதத்தில் எல்லாம் விவரமாகத்தான் இருந்தது. அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு மனுப் போட்டு, பாஸ்போர்ட்டையும் அதோடு ஆபீசில் கொடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது, தாய் தகப்பனுக்கு முடியவில்லை என்று தந்தி காட்டினால் திருப்பிக் கொடுப்பான், ஆனால் முடிவு வருமுன்னே நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் மனு செல்லாது, திரும்ப உள்ளே விடமாட்டான் என்று எழுதியிருந்தாய். நான் முன்பாதியை மனசில் வாங்கிக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டேன். தந்தி காட்டினால் கொடுப்பான் என்பது மட்டும் மண்டையில் ஏறிக்கொண்டது. அதற்குத் தூபம் போட்டது நம் கடைக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தவசிமுத்து அண்ணாச்சி. அவர் மகன் ராணுவத்தில் இருக்கிறான் அல்லவா, பங்குனிப் பொங்கலுக்கு லீவு வேண்டுமென்றால் பாதர் சீரியஸ் என்று இவரே தந்தி கொடுத்துவிடுவார், இதுவரை ஐந்து தடவை சாகக் கிடந்திருக்கிறார், ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நம்ம ஊர்ல எல்லாருஞ் செய்றதுதான பாய், பட்டாளத்துக்காரனே விடுறான், வெள்ளக்காரன் விடமாட்டானா என்றார். பட்டாளத்தில் லீவு முடிந்தால் திரும்பப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம், உன் விஷயம் அப்படி இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தந்தி ஆபீசுக்குப் போய் மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த ஊரில் தந்தி ரகசியம் தங்குமா. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் அக்கா அழுதுகொண்டே வந்து நின்றாள், உன் அம்மா உரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்ன என்று அம்மா கேட்க, ஒனக்குத்தான் தாயி என்று அந்த அக்கா சொல்ல, இரண்டு பேருமே திகைத்துப் போனார்கள். பதினோரு மணிக்கு வத்திராயிருப்பிலிருந்து உன் மாமா அபுபக்கர் பத்து இளநீரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார், அக்காவை உயிரோடு பார்த்ததும் சந்தோஷப்படுவதா என்னை அடிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்து இரண்டு இளநீரை அவரே குடித்தார். உன் அம்மா எல்லாரையும் அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, எம்புட்டுத் துணிச்சல் ஒங்களுக்கு, எம்புள்ள அங்க ஒத்தையில கெடந்து இத எப்படித் தாங்குவான்னு நெனச்சியளா என்று கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை, சோற்றை மட்டும் வைத்தாள். அவள் கேட்டதில் தப்பில்லை மகனே. நான் பூத்துக்குப் போய் உனக்குப் போன் போடப் பார்த்தும் கிடைக்கவில்லை, அதற்குள் நீ தந்தியை எடுத்துக்கொண்டு அந்த ஆபீசில் போய் நின்றுவிட்டாய்.

ஜரீனா நிக்காஹ் மே இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதில் மாற்றமில்லை. மாப்பிள்ளை ராஜபாளையத்தில் மில்லில் பிட்டர் வேலை, அதிகம் பேசாத பையன், போன வாரம் நம் கடை மோட்டாரைத் தானே பிரித்துச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான், எனக்குப் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளை வந்து இறங்கும்போது மச்சினன்தான் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டும், உன் இடத்தில் யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது ஜரீனா, அண்ணே வரலைன்னா யாரும் பிடிக்க வேண்டாம், அவுக தானா நடந்து வரட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அபுபக்கர் மாமாவின் மூத்தவன் பிடிப்பதாக முடிவாகியிருக்கிறது. நீ இதற்காக மனசை அலட்டிக்கொள்ளாதே.

இப்போது பதில். நீ வரவேண்டாம். இருபத்தேழாம் தேதி அந்த ஆபீசுக்குப் போ, ஆனால் பாஸ்போர்ட்டை வாங்காதே, தாயார் குணமாகிவிட்டார், பாஸ்போர்ட் தேவையில்லை, மனு அப்படியே நடக்கட்டும் என்று எழுதிக் கொடுத்து அதற்கு ஒரு ரசீது வாங்கிக்கொள். உன் அம்மா குணமானாள் என்று எழுதுவது பொய் ஆகாது, என் மேல் அவளுக்கு இருந்த கோபம் குணமாகிவிட்டது. முன்பு பாஸ்போர்ட்டைக் கொடுத்தபோது தந்த ரசீதையும் இதையும் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை இங்கே அனுப்பு, பீரோவில் வைத்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டில் தேதி எப்போது முடிகிறது என்றும் கேட்டுக்கொள், ஆபீசில் தூங்குகிற நேரத்திலேயே அது காலாவதியாகிவிடப் போகிறது. நாலு வருஷம் ஊரைப் பார்க்காமல் ஒத்தை அறையில் கிடந்து சம்பாதித்த இடத்தை, ஒரு நாள் மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பதற்காக விட்டுவிடாதே. முடிவு வந்த பிறகு வா, இரண்டு மாதம் இரு, அதுவரைக்கும் நாங்கள் எங்கும் போய்விடமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தங்கச்சி கல்யாணத்துக்காகத்தான் தந்தி கொடுத்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். தந்தி ஆபீசில் முதலில் நான் எழுதிக் கொடுத்த பாரத்தில் சீரியஸ் என்ற வார்த்தையே கிடையாது. அத்தாவுக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது, வா என்று மட்டும் இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த மாதிரி எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த ஞானதுரை அதை வாசித்து, எதற்கு என்று என்னிடம் கேட்டுவிட்டு, பாய், இதெல்லாம் ஒரு காரணமா, இதக் காட்டினா எந்த ஆபீசுலயும் பாஸ்போர்ட்டத் தரமாட்டான், வேற எழுதுங்க என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வேறு பாரம் வாங்கினேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த சுகத்தையும் தருவானாக. நிக்காஹ் அன்று காலை பத்து மணிக்கு காளிராஜ் பூத்துக்குப் போன் பண்ண மறக்காதே, ஜரீனாவை அழைத்து வருகிறேன், முதலில் அவளோடு பேசு, பிறகு அம்மாவோடு பேசு, நேரம் மிச்சமிருந்தால் என்னோடும் பேசு. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றாலும் நீ போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கும்
அத்தா,
சேக் முகைதீன்