சாமி ரூமில் டிவி

ஐப்பசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. லேபில் கூட்டம், எல்லாம் காய்ச்சல் கேஸ். வாங்க வேண்டியது: உளுந்து, துணி சோப்பு, பத்தி, தலைவலித் தைலம். தைலம் நேற்றைய கூத்துக்காக.

நேற்று என் நாத்தனார் மலருக்கும் திருப்பூர்ப் பையனுக்கும் வீடியோ காலில் பேச்சு. மலருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பையன் சரவணனுக்கும் அப்படியே. இரண்டு பேருக்கும் கைதான் வாய். சம்பந்தம் கொண்டுவந்தவர் சோழவந்தான் பெரியப்பா. (பெ.பா. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, பின்னால் நான், என் வீட்டுக்காரர், பெ.பா. மூன்று பேரும் ஒரு சாண் திரைக்குள் முட்டி மோதிக்கொண்டு நின்றோம்.

எங்கள் வீட்டு நெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். பையன் கையைத் தூக்கினால் கை அங்கேயே நிற்கும். விரல்கள் குழைந்துபோய், எது கட்டை விரல் எது சுண்டு விரல் என்றே தெரியவில்லை. மலர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா? ஆரப்பாளையத்தில் பிரிண்டிங் கடையில் டிசைன் போடுகிறாள், நல்ல கை. பையன் தலை குனிந்த மாதிரி இருந்தது, படம் நின்றது, லைன் போயிற்று.

பெ.பா. உடனே: "தலையாட்டிட்டான்ல. சரிங்கிறான். அம்புட்டுத்தான், வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கிருவோம்."

மலர் கையால் சொன்னாள்: ஆட்டவில்லை. படம் நின்றது.

அவர் பெ.பா. முகத்தைப் பார்த்தார். பெ.பா. வெற்றிலையைப் பார்த்தார். மலரை யாரும் பார்க்கவில்லை. அவள் எழுந்து வந்து மூன்று பேர் முகத்துக்கும் நேராக நின்று சொன்னாள், பதில் தெரியாமல் தட்டு மாற்ற வர மாட்டேன் என்று. இந்தத் தைரியம் எனக்கு என் கல்யாணத்தில் இருந்ததா? மாப்பிள்ளை போட்டோவையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சரி என்றவள் நான்.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை இல்லை. வேகமான நெட் லைன் இன்று வந்துவிட்டது. போன வாரமே சொல்லி வைத்ததாம், அவர் என்னிடம் சொல்லவே இல்லை. பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவருக்கு வீட்டு விஷயம் சொல்லத்தான் வாய் வராது.

லைன் போட வந்த தம்பியை ராகுகாலம் பிறப்பதற்குள் முடிக்கச் சொல்லி விரட்டு விரட்டு என்று விரட்டினார். பெட்டியை எங்கே மாட்ட? சாமி ரூமில். இந்த வீட்டில் புதிதாக வரும் எதுவும் முதலில் அங்கேதான் போகும். மிக்ஸி போயிற்று, இஸ்திரிப் பெட்டி போயிற்று, நானும் போனேன்.

தம்பி கிளம்பும்போது: "பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்குண்ணே. அதைப் போட்டுக்கிருங்க. வாரேன்."

இரவுச் சாப்பாட்டில் மலரிடம் கேட்டேன், அந்தக் கேள்வியை வாட்ஸாப்பில் எழுதிக் கேட்டால் என்ன என்று. எழுத்தில் சரி என்று யார் வேண்டுமானாலும் போடலாம், சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். போனிலும் வேண்டாமாம். டிவியில் பெரிதாகத் தெரிய வேண்டும், அண்ணனும் பெரியப்பாவும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிறகு ஆட்டினான் ஆட்டவில்லை என்று பேச்சு வரக் கூடாது. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

ஐப்பசி 11, புதன்

லேபிலிருந்து சீக்கிரம் வந்தேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுவதற்குள் செருப்பு வார் அறுந்தது. வீட்டுக்கு வந்தால் மலர் சாமி ரூமில் பெட்டியைக் கையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் சிவந்திருக்கிறது. கோபமா சிரிப்பா தெரியவில்லை. இரண்டும்தான்.

விஷயம் இது. அவர் நேற்றே பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். முன்பக்கம் வைத்தால் பச்சை விளக்கு மறையுமாம், அதனால் அடியில். அடியில் எங்கே? வெள்ளையாக, வாகாக இருந்த அந்த ஸ்டிக்கர் மேல். தாராளமாக. மலர் ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். சந்தனத்தோடு எழுத்தும் போயிற்று. மற்றதெல்லாம் தெரிகிறது, நடுவில் ஒரே ஒரு எழுத்து மட்டும் இருந்த இடமே தெரியவில்லை.

லைன் போட்ட தம்பிக்குப் போன் போட்டேன். "மரம் விழுந்து வயரெல்லாம் அறுந்து கெடக்குக்கா. ரெண்டு நாள் ஆகும். சனிக்கெழமை வாரேன்." வெள்ளிக்கிழமைத் தட்டு. சனிக்கிழமை வந்து என்ன செய்ய?

அவர் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலயா?"

"நல்லதுக்குத்தானடி வச்சேன்."

"நல்லதுதான். பேச வேண்டிய பிள்ளைக்கு வாயில பொட்டு வச்சுட்டீங்க."

அதற்கப்புறம் மனுஷன் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பாவமாகவும் இருந்தது.

மலர் சண்டைக்கு நிற்கவில்லை. போனோடு உட்கார்ந்தாள். போன எழுத்துக்குப் பதிலாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. எண்கள் எல்லாம் முடிந்தன. பிறகு ஏ, பி, சி. ஒவ்வொரு தடவையும் முழுப் பாஸ்வேர்டையும் அடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் தவறு என்று வரும். நான் டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு உதவப் போனேன். அதில் ஒரு எழுத்து அடிப்பதற்குள் தோசை கருகிவிடும். முதலில் போனில் கண்டுபிடிப்போம், கடைசியில் ஒரே தடவை டிவியில் அடித்தால் போதும் என்றாள். இது எனக்குத் தோன்றவே இல்லை.

சின்ன எழுத்தில் ஒன்றும் இல்லை. பெரிய எழுத்தில் திரும்ப முதலிலிருந்து. நானாக இருந்தால் பெட்டியைத் தூக்கி வைகையில் போட்டிருப்பேன். அவள் ஒரு வடையைக் கடித்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தாள். டி-யில் திறந்தது. போனைத் தூக்கிக் காட்டிவிட்டு மிச்ச வடையைத் தின்றாள். அவ்வளவுதான், ஆர்ப்பாட்டமே இல்லை. எனக்குத்தான் கை தட்டத் தோன்றியது. தட்டினேன்.

ஐப்பசி 12, வியாழன்

மேகமூட்டம். லேபுக்கு லீவு. பொய் சொல்லித்தான்.

காலையில் அடுத்த கஷ்டம். புதுப் பெட்டி இரண்டு பெயர் காட்டுகிறது. ஒன்று சாதாரணம், ஒன்று வேகம். ஹாலில் இருக்கும் டிவிக்குச் சாதாரணம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் போட்டுப் பார்த்தோம், ஞாயிற்றுக்கிழமைக் கூத்தேதான். வேகமானது சுவர் தாண்டி வராதாம். சாமி ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்புப் பீரோ.

பெட்டியை ஹாலுக்கு மாற்றலாம் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "நல்ல காரியம் பேசிக்கிட்டு இருக்கைல சாமிகிட்ட வச்சத அசைக்கக் கூடாது விசயா. அது முடியட்டும்."

மலர் அண்ணன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். வாதாடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள், ஹாலுக்குப் போனாள், டிவியைச் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். பெட்டியைத்தானே அசைக்கக் கூடாது. டிவியைப் பற்றிச் சாமி ஒன்றும் சொல்லவில்லையே.

அவர் தானே போய் மறுமுனையைப் பிடித்தார். தையல் மெஷினைச் சாமி ரூம் வாசலுக்கு நகர்த்தி, அதன் மேல் டிவி. வேகமான பெயர் பளிச்சென்று வந்தது. மலர் ரிமோட்டில் ஒரே தடவை அடித்தாள். சேர்ந்துகொண்டது. பிறகு போன் படத்தை டிவிக்கு அனுப்பினாள், அதுவும் வந்தது.

சாயங்காலம் பெ.பா. வந்தார். நடையில் கிரைண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டேன். "சாமிக்கு முன்னாடியா? நல்லதாப் போச்சு. பொய் வராது" என்றார்.

கால் வந்தது. படம் அவ்வளவு துல்லியம். பையன் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றின் முடிச்சு தெரிந்தது. விரலை மடக்கினால் மடங்குகிறது, நீட்டினால் நீள்கிறது, எதுவும் நிற்கவில்லை. மலர் போனுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினாள்.

இதை எப்படி எழுதுவது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளைப் பார்க்கிறேன். நான் பார்த்த மலர் இவள் இல்லை. இரண்டு கையும், புருவமும், தோளும், உதடும் எல்லாம் சேர்ந்து பேசின. அவ்வளவு வேகம். அவன் பாதி சொல்லும்போதே இவள் சிரிக்கிறாள். இவள் ஒரு விரலைத்தான் அசைக்கிறாள், அவன் தலையில் அடித்துக்கொள்கிறான். ஒரு வார்த்தை கூட எனக்குப் பிடிபடவில்லை.

அவர் என் காதருகே: "இது எப்ப இம்புட்டு வேகமாப் பேசுச்சு?"

எப்போதும் பேசியிருக்கிறாள். ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளோடு, அவள் அறைக்குள், போனில். எங்களோடு பேசும்போதுதான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குச் சோறு பிசைந்து கொடுக்கிற மாதிரி. அதுதான் அவள் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறாள். ஒரு தடவை கூடச் சலித்துக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, எனக்கென்ன பெருமை என்று தெரியவில்லை.

பெ.பா. பொறுமை இழந்தார். "என்னப்பா முருகேசா, சரிங்கிறானா இல்லையா? கேளு."

அவர் பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்று சொன்னார்: "அவுக பேசிக்கிட்டு இருக்காக பெரியப்பா. நடுவுல பூரக் கூடாது. செத்த இருங்க."

முடிந்ததும் மலர் எங்கள் பக்கம் திரும்பி, எங்கள் வேகத்துக்கு இறங்கி வந்து, பையன் சொன்னதைச் சொன்னாள். நீ வேலைக்குப் போவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் உன்னிடம் சரி என்று சொன்னால் அது பொய். நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

பெ.பா.: "இது ஒரு பதிலா? நாளைக்குத் தட்டு மாத்தணும்."

மலர்: இதுதான் பதில். சும்மா தலையாட்டியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

தட்டு தள்ளிப்போயிற்று. அவரே போன் போட்டுப் பையன் வீட்டுக்குச் சொன்னார். பெ.பா. காபி குடிக்காமல் போனார். போகட்டும். சீனி மிச்சம்.

ஐப்பசி 13, வெள்ளி

வெயில் வந்தது. துணி எல்லாம் காய்ந்தது. டிவி இன்னும் தையல் மெஷின் மேல்தான். சாமி கும்பிட அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மலர் வேலைக்குப் போய் வந்தாள். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்படியே திரும்பி வந்திருந்தது. பையனின் அம்மா வேண்டாம் என்றுவிட்டால்? மலர் இறங்கி வர மாட்டாள். பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, நேற்றே தெரிந்தது. பிடித்தும் விட வேண்டியிருந்தால்?

ஏழு மணிக்குக் கால். திரையில் பையன் இல்லை, அவன் அம்மா. தலை நிறையப் பூ, நெற்றி நிறைய விபூதி. கையைத் தூக்கினார். அவருக்கும் கைப்பேச்சு என்னை மாதிரிதான், தட்டுத் தடுமாறி. அதனால் எனக்கே புரிந்தது. நீ வேலைக்குப் போ. காலையில் நான் சமைக்கிறேன். ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் சமையுங்கள். இரண்டு பேரும் என்பதை அழுத்தி, பக்கத்தில் நின்ற மகனை இழுத்துக் காட்டினார். பிறகு எங்களைப் பார்த்து வாயால்: "நானே இன்னும் பனியன் கம்பெனிக்குப் போறவ. மருமகள வீட்ல வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

மலர் அண்ணனைப் பார்த்தாள். தட்டு மாற்றலாம் என்றாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடிக்குப் போனார், பெ.பா.வுக்குப் போன் போடவாம்.

நான் பால் காய்ச்சப் போனேன். பின்னாலேயே வந்தாள். அவனோடு பேசின வேகம் இன்னும் கையில் இருந்தது, அப்படியே என்னிடம் கொட்ட ஆரம்பித்தாள். நான் முழிப்பதைப் பார்த்தாள். உடனே நிறுத்தி, கையைத் தாழ்த்தி, முதலிலிருந்து மெதுவாக ஆரம்பித்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைக் கையில் சொன்னேன்: மெதுவாக்காதே. உன் வேகத்திலேயே பேசு. புரியாவிட்டால் நான் கேட்கிறேன்.

என்னையே பார்த்தாள். நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாக என்றேன்.

பேசினாள். நான் பிடித்தது நாலு வார்த்தை. அண்ணி. திருப்பூர். ஞாயிறு. வா.