ஒவ்வொரு அருவிக்கும் ஒரு விதி

சாரல் தொடங்கிவிட்டது. இன்று காலை ஜன்னல் வழியாக வந்து என் லேப்டாப்பில் தெறித்தது. துப்பட்டா முனையால் திரையைத் துடைத்தபோது உன் நினைவு வந்தது. நீயும் அப்படித்தான் துடைப்பாய். பிறகு கோடு விழுந்துவிட்டதென்று என்னைத் திட்டுவாய்.

தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நாம் இருவரும் ஒரு செயலியை உருவாக்கினோம். குற்றாலம் வருகிறவர்களுக்கு எந்த அருவியில் இன்று குளிக்கலாம் என்று சொல்லும். எல்லா அருவிகளுக்குமான முடிவையும் நான் ஒரே இடத்தில், 'இது என்றால் இப்படி, அது என்றால் அப்படி' என்று நீளமாக எழுதி வைத்திருந்தேன். பிரித்து எழுதலாம் என்று நீ இரண்டு முறை சொன்னாய்.

"ஓடுதுல்லா, எதுக்குத் தொடணும்?" என்றேன்.

ஒரு சனிக்கிழமை ஐந்தருவிக்காக ஒரு வரியை மாற்றினேன். அன்று மதியம், மகளோடு பழைய குற்றாலம் அருவிக்குப் போயிருந்த நீ அழைத்தாய்.

"ஏட்டி, இங்கன தடை போட்டிருக்காவ. தண்ணி செம்மண்ணா வருது. நம்ம ஆப்பு குளிக்கலாம்னு சொல்லுது."

செயலியை உடனே நிறுத்தினேன். ஐந்தருவிக்காக மாற்றிய வரி பழைய குற்றாலத்தின் முடிவையும் மாற்றியிருந்தது. தடை போடுவதற்கு முன்பே யாராவது நம்மை நம்பி இறங்கியிருந்தால் என்று நினைத்து அழுதேன். திரும்பி வந்த நீ திட்டவில்லை. "தள்ளி உக்காரு" என்று மட்டும் சொல்லி என் பக்கத்தில் அமர்ந்தாய்.

ஒவ்வொரு அருவியின் விதியையும் தனித்தனி கிளாஸாக, ஒன்றையொன்று தொடாத நிரல் துண்டுகளாகப் பிரித்தோம். எல்லாமே 'குளிக்கலாமா?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும். செயலி கேட்கும், அவ்வளவுதான்; உள்ளே எப்படி முடிவானது என்று அதற்குத் தெரியாது. இந்த முறையை ஸ்ட்ராடஜி பேட்டர்ன் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவள் நான். அது எதற்கென்று அன்றுதான் விளங்கியது. எப்போதும் 'கூடாது' என்று மட்டுமே சொல்லும் ஒரு விதியையும், வெள்ள நாளுக்கென்று, நீ எழுதினாய்.

"மழை பெருத்தா அந்த அருவியோட விதியக் கழத்திட்டு இத மாட்டிரு. வேற எதையும் தொடாத."

போன ஐப்பசியில் மலையில் திடீர் மழை. நீ திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்தாய். பழைய குற்றாலத்துக்கு நீ எழுதிய 'கூடாது' விதியை மாட்டினேன். ஒரே நிமிட வேலை. பெருமையாகப் போனில் சொன்னேன்.

மூச்சு வாங்க, "மத்த அருவியெல்லாம் பாத்தியா?" என்று கேட்டாய்.

நான் பார்த்திருக்கவில்லை. பார்த்துவிட்டு மறுபடி அழைத்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றேன். "அப்ப சரி" என்றாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போதும் எதையாவது மாற்றினால், மாற்றியதை ஒருமுறை பார்க்கிறேன். மாற்றாததை இரண்டு முறை பார்க்கிறேன்.