கல்லுமண்ணில் துவரை

ஜூன் 14
நேரில் வாயே திறக்காதவள் இந்த நோட்டில் வந்து எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள கல்லுமண் நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விடப்போவதாக அப்பா சொன்னார். ஒரு பருவம் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். துவரை போடுகிறேன். காற்றில் இருக்கும் தழைச்சத்தை அதன் வேரே பிடித்துக்கொள்ளும், பூத்தால் தேனீ வரும், மண்ணும் தேறும்.

"பூக்கலேன்னா?" என்றான் அண்ணன்.

"லாரி நிக்கட்டும்."

ஜூன் 20
நுண்ணுயிர் கலந்த விதைகளை ஊன்றினேன். "உரமே வேணாமாம். பட்டம் வாங்குனவ சொன்னா செடி கேட்டுக்கும்போல" என்று அண்ணன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. உரக்கிடங்கில் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவர். நான் ஜெயிக்க வேண்டும் அவருக்கு.

ஆகஸ்ட் 9
என் இடுப்புவரை வளர்ந்துவிட்டது. இலையெல்லாம் கரும்பச்சை. இந்த மண்ணிலா? "கைராசிக்காரி" என்கிறாள் அம்மா. எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

செப்டம்பர் 2
ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. அந்த முடிச்சில்தான் தழைச்சத்து சேரும். வெளியிலிருந்து யாராவது கொட்டிக்கொண்டே இருந்தால் வேர் எதற்கு உழைக்கும்?

செப்டம்பர் 3
விடிகாலையில் அப்பா, கையில் வாளி. கிடங்கில் சிந்தியதைக் கூட்டி அள்ளிய யூரியா. செடிக்கு ஒரு பிடி, பிள்ளைக்கு ஊட்டுவதுபோல. அவர் என்னைப் பார்க்கவில்லை. கத்தணும்னு வந்துச்சு. கத்தல. ஏன் கத்தல? இனிமே கத்தி என்ன ஆகப்போகுது?

நவம்பர் 5
பூ இல்லை. காடு மாதிரி இலை. யூரியா மிஞ்சினால் செடி இலையாகத்தான் போகும்.

நவம்பர் 21
"இவ்வளவு படிச்சும் ஒரு செடியப் பூக்க வைக்கத் தெரியலையேம்மா" என்றார் அப்பா. கோபம்கூட இல்லை, வருத்தம். அதுதான் தாங்க முடியல.

"ஆடு வாங்கி விட்டா அதுங்களாவது சந்தோஷப்படும்" என்றான் அண்ணன்.

சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உங்க கைதாம்ப்பா காரணம் என்று சொல்லியிருக்கலாம். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கையையா குறை சொல்வது?

டிசம்பர் 1
எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தார்கள். லாரி வந்து நின்றது.

உடைந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று தப்பியிருக்கிறது. அப்பா கண்ணில் படாமல் தானாக வளர்ந்தது. முழங்கால் உயரம்தான். உடம்பெல்லாம் மஞ்சள் பூ, தேனீ இரைச்சல். அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்படியே குந்திவிட்டார்.

"இது மட்டும் எப்படிம்மா?"

"இந்த மூலைய மட்டும் எனக்கு விட்டுடுங்கப்பா" என்றேன். "இதுக்கு ஒண்ணும் போடாதீங்க."